அரைக் கலம் நெல்லும் ஒரு முதுகுப் பையும்

“அரைக் கலம் நெல்ல முதுகுல கட்டிக்கிட்டு கொக்கு பாக்கப் போறியாடா?”

அம்மாவின் கணக்கு இன்னமும் மரக்காலிலும் கலத்திலும்தான். எங்கள் பக்கம் 12 மரக்கால் ஒரு கலம். ஒரு மூட்டை நெல் என்றால் இரண்டு கலம், ஏறக்குறைய 60 கிலோ. அப்படியானால் அரைக் கலம் 15 கிலோ. அம்மா சொன்னாளே என்று பையைத் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன். 14 கிலோ 400 கிராம் காட்டியது. அவள் பையைத் தொடக்கூட இல்லை. திண்ணையிலிருந்து நான் அதைத் தூக்கிய தினுசைப் பார்த்தே சொல்லிவிட்டாள். களத்துமேட்டில் நாற்பது வருஷம் நின்ற கண்.

இத்தனைக்கும் அன்று நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். பழைய பை மட்டுமே 2 கிலோ 400 கிராம். புதிதாக வந்திறங்கியது வெறும் 620 கிராம். ஒரே வாங்கலில் ஒன்றே முக்கால் கிலோவை ஒழித்துவிட்டேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அந்தப் பெருமை எத்தனை மணி நேரம் தாங்கியது, அதற்குப் பிறகு எப்படி உருப்படியாக ஒரு பை வாங்கினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

எனக்கு மன்னார்குடியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிற வேலை. வயது 46. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பறவை. வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் போவதற்குப் பையே தேவையில்லை. ஸ்கூட்டரின் முன்னால் ஸ்கோப்பை (தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி) வைத்துக்கொண்டு போய், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கோடியக்கரை அப்படி இல்லை. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு (1987-இலிருந்து நடக்கிறது) எங்கள் குழு வேதாரண்யம் சதுப்பில் ஒரு பகுதியை எண்ணித் தரும். வனத்துறை அனுமதியோடு, வண்டி போகாத இடங்களுக்கு நடந்து.

ஏன் ராத்தங்க வேண்டும் என்று என் மனைவி முதல் வருஷமே கேட்டாள். கானல்தான் காரணம். காலை ஒன்பது தாண்டிவிட்டால் உப்பளத்தின் மேல் காற்று கொதிக்கிற பால்போல் ஆடத் தொடங்கிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கோப்பாக இருந்தாலும் சரி, அரைக் கிலோமீட்டரில் நிற்கும் கொசு உள்ளான் ஒரு கலங்கல் புள்ளி. அது கொசு உள்ளானா, உப்புக்கொத்தியா, யார் கண்டது? பூநாரையை விடுங்கள், அது குருடனுக்கும் தெரியும். கணக்கெடுப்பின் உயிர் சின்னக் குருவிகளில்தான் இருக்கிறது. அவற்றைப் பிரித்து எண்ண விடிகிற நேரத்தில் அங்கே நின்றாக வேண்டும். அதனால் முதல் நாள் மாலை ஒரு பக்கம் இறங்கி எண்ணி, உப்பளத்தில் தெரிந்தவர் ஒருவரின் கீற்றுக் கொட்டகையில் படுத்து, விடியலில் மறுபடி எண்ணி, மறுபக்கமாகச் சாலைக்கு ஏறுவோம். மூட்டை முடிச்சை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போய்த் திரும்ப வழியில்லை. கொண்டுபோனது அத்தனையும் முதுகில்தான்.

இணையத்தில் எடை குறைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, “கொண்டுபோவதைக் குறை”. நல்ல யோசனை. என் பொருட்களைச் சொல்கிறேன், நீங்களே குறைத்துத் தாருங்கள். 80 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப் 1.7 கிலோ. அதைத் தாங்கும் டிரைபாட், தலையோடு 2.3. கேமராவும் 150-600 லென்ஸும் 2.8. தண்ணீர் 3 லிட்டர், பாட்டிலோடு 3.1. சுற்றிலும் கடலும் உப்பும். ஒரு வாய் நல்ல தண்ணீர் கிடைக்காது. புளிச்சோறு, வறுத்த கடலை, வாழைப்பழம் எல்லாம் சேர்த்து 900 கிராம். கொசுவலை, விரிப்பு 1.3. துணிமணி 800 கிராம். டார்ச், பவர் பேங்க், நோட்டு, மருந்து, மழைக்கோட்டு என்று சில்லறை 900. கூட்டினால் 13.8. பைனாகுலர் கழுத்தில் தொங்குவதால் அது கணக்கில் இல்லை.

இதில் மேல் மூன்றும் இல்லாவிட்டால் நான் போக வேண்டிய வேலையே இல்லை. லேசான டிரைபாட் ஒன்றை ஒரு வருஷம் இரவல் வாங்கிப் பார்த்தேன். கோடியக்கரைக் காற்றில் அது ஆடிய ஆட்டத்துக்கு ஸ்கோப்பில் தெரிந்த பூநாரைகள் எல்லாம் கரகம் ஆடின. திருப்பிக் கொடுத்துவிட்டேன். தண்ணீரில் கை வைக்க முடியாது. மிச்சத்தில் ஏற்கெனவே கை வைத்தாயிற்று. ஸ்டீல் பாட்டில் போய் குளிர்பான பாட்டில் வந்துவிட்டது. போர்வைக்குப் பதில் நாலு முழ வேட்டி. இனி பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியை வெட்ட வேண்டியதுதான் பாக்கி. அதனால்தான் பையின் மேல் கண் விழுந்தது.

பழைய பை 60 லிட்டர் கொள்ளும் ஒரு பூதம். சும்மா சொல்லக்கூடாது, சுமப்பதற்குச் சுகமான பை. அதை முடித்தது கஜா. 2018 நவம்பரில் அந்தப் புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையேறிய ராத்திரி, மன்னார்குடியில் எங்கள் வீட்டு ஓடுகளில் பாதி பறந்துபோயின. பரணில் கிடந்த பை நனைந்தது. கரண்டு இல்லாமல், வெயில் இல்லாமல், யாருக்கும் பையைப் பற்றிய நினைப்பே இல்லாமல் நாட்கள் ஓடின. எடுத்துப் பார்த்தபோது உள்பக்கம் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. தண்ணீர் புகாமல் இருக்க நைலான் துணியின் உட்புறம் பாலியூரித்தேன் பூச்சு தடவுவார்கள். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து, முதலில் பிசினாகும், பிறகு பொடிப் பொடியாக உதிரும். நம்ம ஊரில் இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. அதையே இன்னும் நாலு வருஷம் தேய்த்தேன். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் என் சட்டையில் எல்லாம் வெள்ளைச் செதில்.

சரி, அந்த 620 கிராம் பைக்கு வருகிறேன். 45 லிட்டர். துணி சர்பத் கடைக் கண்ணாடித்தாள்போல் மெல்லிசு, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். ஃபிரேம் கிடையாது. இடுப்பில் கட்ட இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடா. அந்த ஜனவரியில் அதை மாட்டிக்கொண்டு உப்பள வரப்பில் இறங்கினேன்.

முதல் கிலோமீட்டர் வரை ஆனந்தம். இரண்டாவதில் பை உருமாறியது. பெட்டிபோல் ஏறியது, சாக்குபோல் தொங்க ஆரம்பித்தது. கீழே பெருத்து, நடுவில் உருண்டு, டிரைபாட்டின் தலை முதுகுத்தண்டில் சரியாக ஒரே இடத்தில் குத்தியது. இப்படிப்பட்ட பைகளில் படுக்கும் ஃபோம் பாயை மடித்து முதுகுப்பக்கம் செருகி, அதையே ஃபிரேமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. நான் எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அந்தப் பாயைத்தான் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

மூன்றாவது கிலோமீட்டரில் சீமைக்கருவேல். பக்கவாட்டு வலைப் பாக்கெட்டை முள் பிடித்து இழுத்தது. “டர்” என்று ஒரு சத்தம். ஒரு லிட்டர் பாட்டில் சேற்றில் விழுந்து, மூடி திறந்து, கண்ணெதிரே காலியானது. மலைப்பாதைக்குச் செய்த பைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவற்றைச் செய்தவர்கள் கருவேலங்காட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எண்ணும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து ஸ்கோப்பை நிறுத்தினால், வலது கையில் இரண்டு விரல் மரத்துப் போயிருந்தன. தோள் நாடா அமுக்கிய அமுக்கலில் வந்த வினை. ஃபோகஸ் திருகு ஒரு மயிரிழை நகர வேண்டிய இடத்தில் அரைச் சுற்று சுற்றுகிறது. பக்கத்தில் நின்ற நண்பன், “மாப்ள, நீ நோட்டை எழுது, நான் பாக்குறேன்” என்றான். அன்று சாயங்காலம் முழுக்க அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தூக்கிக்கொண்டு வந்தது நான், பார்த்தது அவன்.

மறுநாள் காலை எண்ணி முடித்துக் கொட்டகை வாசலில் தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உப்பு வாரும் வேலைக்கு ஒரு அம்மா வந்தார். தலையில் சும்மாடும் அதன்மேல் சட்டியும், இடுப்பில் பிளாஸ்டிக் குடம் நிறைய அன்றைக்கான குடிதண்ணீர். என் பைக்குக் குறையாத எடை இருக்கும். வரப்பில் இன்னொருத்தியோடு பேசிச் சிரித்துக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்து நின்றார்.

“தோள்ல எதுக்கு தம்பி ஏத்துற? இடுப்புக்குக் குடு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மூன்று மாதம் உட்கார்ந்து படித்த விமர்சனங்களின் சாரம் அந்த ஒரு வரியில் இருந்தது.

தோள் என்பது தசையும் நரம்பும்தான். இடுப்போ எலும்புக் கிண்ணம். கீழே நேராகத் தொடை எலும்பு. சுமை அங்கே உட்கார்ந்தால் கால் வாங்கிக்கொள்ளும். ஆனால் பையின் கனம் தோள் மட்டத்திலும் முதுகின் நடுவிலும் இருக்கிறது. அதை இடுப்புக்குக் கொண்டுவந்து இறக்க நடுவே விறைப்பாக ஏதாவது வேண்டும். அந்த விறைப்புதான் ஃபிரேம். ஒரு பிளாஸ்டிக் தகடோ, இரண்டு அலுமினியப் பட்டைகளோ, வளைத்த கம்பியோ எதுவாகவும் இருக்கலாம். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல. முட்டில்லாத மரம் குலை சின்னதாக இருக்கும்வரை நிற்கும். அப்படித்தான் ஃபிரேம் இல்லாத பையும். எட்டு, ஒன்பது கிலோ வரை அதைப்போல சுகம் கிடையாது. அதற்குமேல் இடுப்பு நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் அது வயிற்றைத்தான் இறுக்கும், சுமையை வாங்காது.

ஆக என் தப்பு, பையின் எடையைத் தனியாக நிறுத்துப் பார்த்தது. 620 கிராம் என்ற எண் அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். 13.8 கிலோவை எது தாங்கும் என்று முதலில் கேட்டு, அப்படித் தாங்குகிறவற்றில் எது லேசு என்று தேடியிருக்க வேண்டும். அப்படித் தேடினால் கிடைப்பவை ஒரு கிலோவிலிருந்து 1.4 கிலோ வரைக்குள் வரும் பைகள். லேசான ஃபிரேமும் பஞ்சு வைத்த இடுப்புப் பட்டையும் உண்டு. 13 முதல் 16 கிலோ வரை மரியாதையாகச் சுமக்கும். பழைய பூதத்தைவிட எப்படியும் ஒரு கிலோ மிச்சம்.

அடுத்தது அளவு. சட்டைக்கு அளவெடுக்கிற நாம் பைக்கு எடுப்பதில்லை. நான் அஞ்சடி ஒன்பது அங்குலம், அதனால் ‘லார்ஜ்’ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் உயரம் இதில் கணக்கே இல்லை, முதுகின் நீளம்தான் கணக்கு. தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முண்டாகத் துருத்தும். அங்கிருந்து, இடுப்பில் இரண்டு பக்கமும் கை ஊன்றினால் கட்டைவிரல்கள் முதுகில் சேரும் மட்டம் வரை அளக்க வேண்டும். என் மனைவி தையல் நாடாவை எடுத்து வந்து அளந்தாள்.

“என்னங்க, 45 செ.மீ.தான் வருது.”

“சரியாப் பாரு. அவ்வளவு கம்மியாவா இருக்கும்?”

“நான் ரவிக்கை தைக்கிறவ. எனக்கா அளக்கத் தெரியாது?”

மறுபடியும் 45. எனக்கு உயரமெல்லாம் காலில் இருக்கிறது, முதுகு குட்டை. பத்து வருஷமாக என் அளவே இல்லாத பையைச் சுமந்திருக்கிறேன். மீடியம்தான் என் அளவு.

திருச்சியில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனேன். வெறும் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பையும் நல்ல பைதான். அதனால் வீட்டிலிருந்து நாலைந்து துண்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். அடுத்த வரிசையில் டம்பெல் அடுக்கியிருந்தார்கள். அஞ்சு கிலோ இரண்டு, இரண்டு கிலோ இரண்டு. துண்டில் சுற்றிப் பைக்குள் இறக்கி, இடுப்புப் பட்டையை முதலில் கட்டி, பிறகு தோள் நாடாவை இழுத்து, கடைக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பைக்கும் இருபது நிமிஷம். மூன்றாவது பையில் கடைப் பையன் வந்துவிட்டான்.

“சார், வாங்க வந்தீங்களா, வாக்கிங் வந்தீங்களா?”

விஷயத்தைச் சொன்னதும் அவனே இன்னொரு இரண்டு கிலோவைக் கொண்டுவந்து மேலே வைத்தான். நல்ல பிள்ளை.

இருபது நிமிஷம் ஏன் என்றால், தப்பான பை முதல் பத்து நிமிஷம் வாயைத் திறக்காது. அதற்கப்புறம்தான் பேசும். ஒரு பையில் இடுப்புப் பட்டை எலும்பின்மேல் உட்காராமல் வழுக்கி இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் தோள் நாடாவின் மேல் நுனியிலிருந்து ஃபிரேமுக்குப் போகும் குட்டி நாடா படுத்தே கிடந்தது. அது தோளிலிருந்து சாய்வாக மேலேறிப் போனால்தான் பையின் தலையை முதுகோடு இழுத்துப் பிடிக்கும், படுத்துக் கிடந்தால் வெறும் அலங்காரம். நான் கண்டுபிடித்த சோதனை ஒன்று: எல்லாம் கட்டியான பிறகு தோள் நாடாவுக்கு அடியில் இரண்டு விரலை விட வேண்டும். விரல் சும்மா நுழைந்து வெளியே வந்தால் இடுப்பு வேலை செய்கிறது. விரல் நசுங்கினால் பையைக் கழற்றிவிடலாம்.

வலை முதுகுப் பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பைக்கும் முதுகுக்கும் நடுவே கட்டில் கயிறுபோல் வலையை இழுத்துக் கட்டி, காற்றோட்டம் என்கிறார்கள். உண்மைதான், காற்று வரும். ஆனால் அந்த இடைவெளிக்காகச் சுமையை நாலைந்து விரற்கடை பின்னால் தள்ளிவிடுகிறார்கள். ஆறு கிலோவுக்குத் தெரியாது. 14 கிலோவோடு, ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், மறுபக்கம் சேறு, நடுவில் ஒரு முழ வரப்பு என்று வரும்போது யாரோ சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இழுப்பதுபோல இருக்கும். அப்புறம், நம்ம ஊர் ஈரக்காற்றில் வலை இருந்தாலும் சட்டை நனையத்தான் போகிறது. நான் முதுகோடு ஒட்டும் ஃபோம் வைத்த பையையே எடுத்தேன். கடையில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

கடைசியில் வாங்கியது 48 லிட்டர், என் தராசில் 1 கிலோ 250 கிராம். இரண்டு அலுமினியப் பட்டைகள். அவற்றை வெளியே உருவி என் முதுகு வளைவுக்கு ஏற்ப முழங்காலில் வைத்து லேசாக வளைத்துக்கொண்டேன். துணி 210 டெனியர் நைலான் (டெனியர் என்பது நூலின் தடிமனைச் சொல்லும் எண்), அடிப்பாகம் மட்டும் அதைவிடத் தடிமன். 70 டெனியரில் அழகழகாக இருந்தன, கருவேலமுள்ளை நினைத்துத் தள்ளிவிட்டேன். பக்கவாட்டுப் பாக்கெட்டு வலை இல்லை, துணி. இதை மட்டும் அடித்துச் சொல்வேன், நம்ம பக்கத்துக் காட்டுக்கு வலைப் பாக்கெட்டு ஆகாது. டைனீமா என்று ஒரு மகா லேசான துணி இருக்கிறது. விலையைக் கேட்டதும் வைத்துவிட்டேன். இழுத்தால் கிழியாதாம், ஆனால் கூர்மையாகக் குத்தினால் ஓட்டை விழும். முள்ளுக்குக் கூர்மை போதாதா?

ஜிப் எங்கே குறைவோ அதுவே நல்லது. உப்புக் காற்றில் ஜிப்பின் ஓடி பூத்துப்போய் ஒரு நாள் நடுவழியில் நின்றுவிடும். இந்தப் பையில் வாய்க்குச் சுருக்குக் கயிறு, மேல்மூடியில் மட்டும் ஒரு ஜிப். திரும்பி வந்ததும் பையைக் குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுவேன். நிறம் சாம்பல் கலந்த பச்சை. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு ஒன்று தள்ளுபடியில் கிடந்தது. பூநாரைக் கூட்டத்துக்கு நடுவே தேர்தல் கொடியோடு போய் நிற்பதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மழை உறை தனியாக வாங்கவில்லை. கோடியக்கரைக் காற்று ஒரு உறையை என் கண் முன்னாலேயே கடலுக்குக் கொண்டுபோயிருக்கிறது. உறை போட்டாலும் முதுகுப்பக்கமாகத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். யூரியா மூட்டைக்குள் இருக்குமே ஒரு பிளாஸ்டிக் உள்பை, அதை இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பைக்குள் போட்டு, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி வாயை முறுக்கிவிடுகிறேன். எடை சொற்பம், செலவு பூஜ்யம். நண்பன் முகர்ந்து பார்த்துவிட்டு, “உன் வேட்டிக்கு ரெண்டாம் உரம் போட்டாச்சு” என்றான்.

அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. பஞ்சுப் பொதி எல்லாம் அடியில். ஸ்கோப்பைத் துண்டில் சுற்றி முதுகை ஒட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும், லென்ஸ் அதன் பக்கத்தில். கனமானது முதுகுத்தண்டை விட்டு விலக விலகப் பை இழுக்கும். டிரைபாட் வெளியே இடப்பக்கம், வலப்பக்கம் தண்ணீர் இரண்டு லிட்டர், மூன்றாவது லிட்டர் உள்ளே. முதல் தடவை வெளியே இருந்த தண்ணீரை முதலில் குடித்தேன். குடிக்கக் குடிக்கப் பை டிரைபாட் பக்கம் சாய்ந்து, தேர் வடம் ஒரு பக்கம் மட்டும் இழுபடுவதுபோல் கோணிக்கொண்டு போனேன். இப்போது உள்ளே இருப்பதுதான் முதலில். வெளிப்பக்கத்தைத் தொடும்போது எண்ணும் இடம் வந்திருக்கும், டிரைபாட் தரையில் நின்றிருக்கும்.

புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரம், பையில் பொன்னி அரிசியைக் கட்டிப் போட்டுக்கொண்டு காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர்த் தெப்பக்குளமான ஹரித்ராநதியைச் சுற்றினேன். நாலு கரையும் வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நாலு சுற்று. முதல் நாள் கேட்டார்கள், “என்ன சார், ஊருக்கா?” இரண்டாவது நாளும் அதே கேள்வி. நாலாவது நாள் டீக்கடைக்காரர், “என்ன சார், வீட்ல சண்டையா?” என்றார்.

மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருத்துறைப்பூண்டி வழியாகப் பஸ்ஸில் போவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-இல் அகலப் பாதையில் ரயில் திரும்ப வந்திருக்கிறது. என் நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை. பஸ்ஸில் டிரைபாட் கால் பக்கத்து சீட்டுக்காரரின் விலாவில் இடிக்கும். கண்டக்டர் “துப்பாக்கியா சார் அது?” என்பார். 48 லிட்டர் பை டிரைவருக்குப் பக்கத்து மேடையில் அடங்கிவிடுகிறது. பழைய 60 லிட்டர் அடங்காது, லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார்கள்.

இந்தப் பையிலும் குறை இல்லாமல் இல்லை. இடுப்புப் பட்டையில் இருக்கும் பாக்கெட்டில் என் போன் நுழையாது, மாத்திரை அட்டைதான் நுழையும். போன ஜனவரியில் நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் “கிரீச், கிரீச்” என்றது. அலுமினியப் பட்டை உறையில் உரசுகிற சத்தம். முப்பது உப்புக்கொத்திகள் என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பறந்துபோயின. அன்றிரவு கொட்டகையில் பட்டையை உருவி மெழுகு தடவினேன். சத்தம் நின்றது.

கஷ்டம் தீராதது ஏற்றி இறக்குவதில்தான். நம்ம பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோனவள் நினைவாக நடுவார்கள், தோள் உயரத்தில். தலைச்சுமையை இன்னொருவர் கை இல்லாமல் இறக்கவும் ஏற்றவும் அதுதான் உதவி. சதுப்பில் அப்படி எதுவும் கிடையாது. மதகுக் கட்டை ஏதாவது கண்ணில் பட்டால் நான் ஓய்வெடுக்கத் தேவையில்லாவிட்டாலும் நின்றுவிடுவேன். இல்லையென்றால் பையைத் தொடைமேல் ஏற்றி, ஒரு கையை நுழைத்து, சுழற்றி மறுகையை நுழைக்க வேண்டும். தரையிலிருந்து ஒரே தம்மில் தோளுக்கு வீசினால் என் வயதில் அடுத்த நாள் ஆர்த்தோ டாக்டர்தான்.

போன மார்கழியில் கிளம்பும்போது அம்மா திண்ணையில் இருந்தாள். தராசு இந்தத் தடவை 15 கிலோ 50 கிராம் என்றது. முந்தையதைவிடக் கூடுதல். நான் தூக்கியதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. “என்னம்மா, எவ்வளவு இருக்கும்?” என்று நானே கேட்டேன்.

“பத்துப் பதினோரு கிலோ இருக்குமா? தேவலை, கொறச்சிட்ட.”

நான் திருத்தவில்லை.

அந்த 620 கிராம் பை இப்போது அம்மாவிடம் இருக்கிறது. கிழிந்த பாக்கெட்டுக்குப் பழைய பாவாடைத் துணியில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள் என் மனைவி. வாரம் ஒரு நாள் அதை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். கத்திரிக்காய், இரண்டு தேங்காய், ஒரு கட்டு முளைக்கீரை, மிஞ்சினால் நாலு கிலோ.

“பஞ்சு மாதிரி இருக்குடா. இதப் போயி கொற சொன்னியே” என்கிறாள்.